மகளோடு ஒன்றாம் வகுப்பில்

நாற்பத்தொரு வயதில் நான் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கூட என் மகள்.

அவளுக்கு அப்போது ஆறரை வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. வேணும், வேணாம், தண்ணி, போலாம் என்று தேவைக்கு நான்கைந்து வார்த்தைகள்தான் பேசுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பிளாட்பார பெஞ்சில் உட்கார வைப்பேன். அங்கே ஒலிபெருக்கியில் கேட்ட அறிவிப்புகளை வீட்டுக்கு வந்ததும் அதே குரலில், அதே இழுவையோடு சொல்வாள். சென்னைக் கடற்கரை வரைக்கும் உள்ள ஸ்டேஷன் பெயர்கள் வரிசை மாறாமல் வரும். 'உன் பேர் என்னம்மா?' என்று யாராவது கேட்டால் மட்டும் மின்விசிறியைப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடம் தேடி குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை ஏறி இறங்கினோம். ஒருவரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. 'சீட் ஃபுல் ஆயிடுச்சே' என்றார்கள். 'இந்த மாதிரி குழந்தைங்களுக்கு வேற நல்ல இடம் இருக்கே சார்' என்றார்கள். ஓரிடத்தில் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிடவே இல்லை. கடைசியில் முடிச்சூரில், எங்கள் ஃபிளாட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அந்தத் தலைமை ஆசிரியை சுற்றி வளைக்கவில்லை.

"எங்களுக்கு இதுல அனுபவம் கிடையாது. சேத்துக்கறோம். ஆனா வீட்லேர்ந்து யாராவது ஒருத்தர் கிளாஸ்ல கூடவே உக்காரணும். முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை. காலை ஏழரைக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். நான் கட்டட வரைபடம் போடுகிறவன். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. சாயங்காலத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அதனால் நான்தான் என்று ஆயிற்று.

முதல் நாள் மூன்றாவது பெஞ்சில் அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். முட்டி மேஜைக்கு அடியில் நுழையவில்லை. ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. முன்னால் இருந்த ஒரு பையன் திரும்பி என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க ஃபெயில் ஆயிட்டீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

ஒரு வாரத்தில் எனக்கு நிறைய வேலை வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் மூடி திறக்க வராதவர்கள், ஷூ லேஸ் அவிழ்ந்தவர்கள், பை ஜிப் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். பென்சில் சீவித் தரச் சொல்லி வரிசை நின்றது. ஒன் பி பிரிவில் மொத்தம் முப்பத்து நான்கு பேர். முப்பத்து மூன்று பேரும் என்னோடு பழகிவிட்டார்கள். என் மகளோடு ஒருவரும் பழகவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் அவளுக்கு எல்லாமே செய்தேன். மிஸ் கேள்வி கேட்டால் அவள் காதில் பதிலைச் சொன்னேன். அவள் கையைப் பிடித்து எழுதினேன். மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவள் காதுகளைப் பொத்தினேன், அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. அவள் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். ராத்திரி மனைவியிடம், இன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினாள் என்று நோட்டைக் காட்டுவேன். அவளும் தடவித் தடவிப் பார்ப்பாள்.

வகுப்பு ஆசிரியை பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். ஐம்பது வயதிருக்கும். ஒன்றாம் வகுப்பைத் தவிர வேறு வகுப்பு எடுத்ததில்லை. முதல் இரண்டு மாதம் என்னிடம் அதிகம் பேசவில்லை. காலாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் மகளின் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யார் எழுத்து சார்?"

"அவ எழுதினதுதான் மிஸ். நான் கைய மட்டும் புடிச்சுகிட்டேன்."

"பிளான் அப்ரூவலுக்கு குடுக்கற பேப்பர்ல இருக்கற எழுத்து மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசமா உங்களதான் திருத்திக்கிட்டு இருக்கேன். என் தப்பும் இருக்கு. நீங்க பாத்துக்கறீங்கன்னு நான் விட்டுட்டேன். முப்பத்தி மூணு பேருக்குத்தான் டீச்சரா இருந்திருக்கேன். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் தனியாக உட்கார மாட்டாள், ஓடிவிடுவாள், பயப்படுவாள் என்று. அவர் கேட்டுக்கொண்டார்.

"சரி சார். எனக்கும் பயம்தான். நாளைலேர்ந்து நீங்க பின்னாடி ஜன்னல் பக்கம் சேர் போட்டு உக்காருங்க. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

அன்று வீட்டுக்கு வந்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவருக்கு என்ன தெரியும் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் அந்த நோட்டை எடுத்து மறுபடியும் பார்த்தாள். "இவ்ளோ நேரா யாருமே எழுத மாட்டாங்கப்பா" என்றாள்.

மறுநாள் நான் பின்னால் உட்கார்ந்தேன். என் இடத்தில் மிஸ் ஒரு சிறுமியை உட்கார வைத்தார். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், வகுப்பிலேயே பெரிய குரல். அவள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் திரும்பி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னா அங்கிள், இவ பேசவே மாட்டாளா?" என்றாள்.

"கொஞ்சமா பேசுவா" என்றேன்.

"பரவால்ல, நான் பேசிகிறேன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு என் மகள் நான்கு முறை எழுந்து என்னிடம் ஓடிவந்தாள். நான்கு முறையும் மிஸ் வந்து கூட்டிப்போனார். ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் அந்தச் சிறுமி வீல் என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் அவள் முன்கையில் என் மகளின் பல் பதிந்திருந்தது. ரத்தம் வரவில்லை, ஆனால் வளையம் மாதிரிச் சிவந்திருந்தது. இனி இந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அந்தச் சிறுமியின் அம்மாவுக்காகக் காத்து நின்றேன். தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைக்கிறவர். அன்று சீக்கிரம் வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் மகளின் கையைத் திருப்பிப் பார்த்தார். "நீ இன்னா பண்ண?" என்று அவளைக் கேட்டார்.

"ரப்பர புடுங்கினேன்."

"அப்ப கடிக்காம கொஞ்சுவாளா?" என்றவர் என்னிடம் திரும்பி, "விடுங்க சார். இவ வூட்ல தங்கச்சிய கடிச்சி வெச்சதுக்கு நான் யார்கிட்ட போயி நிக்கறது? மஞ்சள் போட்டா சரியா பூடும்" என்று சொல்லிவிட்டு மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் தெருவில் நின்று அழுதேன். கண்ணில் தூசி விழுந்த மாதிரி கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு சமாளித்தேன்.

எல்லோரும் அப்படி இல்லை. அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "அந்தக் குழந்தைக்காக மிஸ் டைம் செலவு பண்ணா எங்க புள்ளைங்க படிப்பு என்ன ஆறது?" என்று கேட்டார். கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. அவர் குரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. மிஸ் எழுந்து, "உங்க பையன் நோட்ட கொண்டாங்க, ஜூன்ல எப்படி இருந்துது, இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டு பேரும் பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை அந்தப் பையன் வேறு பிரிவுக்கு மாறிவிட்டான். நான் ஃபெயில் ஆனதற்கு வருத்தப்பட்டவன் அவன்தான். வராந்தாவில் பார்த்தால் இப்போதும் கை காட்டுவான்.

நவம்பரில் மழை விடுமுறை விட்டார்கள். எங்கள் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. எட்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தபோது என் மகள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். பழகிய ஒழுங்கு அறுந்துபோனால் அவளுக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'போலாம், போலாம்' என்று என் சட்டையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தாள். தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் குனிந்தேன்.

அப்போது அந்தச் சிறுமி வரிசையை விட்டு ஓடிவந்தாள். என் மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கிக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள்.

அழுகை நின்றது.

"தாம்பரத்திலிருந்து ஒன் பி செல்லும் ரயில்..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. "இன்னும் சற்று நேரத்தில்" என்று என் மகள் எடுத்துக் கொடுத்தாள். பிறகு எழுந்து அவள் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மைதானத்துச் சேற்றில் ரயிலாகப் போனார்கள். படிக்கட்டில் ஒரு ஸ்டேஷன், தண்ணீர்க் குழாய் அருகே ஒரு ஸ்டேஷன் என்று நின்று நின்று போவது எனக்குக் கேட்டது. என் மகள்தான் பெயர் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அந்தச் சிறுமியிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று.

"அவ டெய்லி அதான சொல்லிகினு கீறா. உங்களுக்குக் கேக்காதா?"

எனக்குக் கேட்டதுதான். டாக்டர் கேட்டால் சொல்வதற்காக அதைக் குறித்தும் வைத்திருந்தேன். அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன் பிறகு மாற்றம் சரசரவென்று வந்துவிடவில்லை. ஆனால் மிஸ் என் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். டிசம்பரில் வராந்தாவுக்குப் போனேன். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் வராந்தாவிலும் நாற்காலி இல்லை. "வீட்டுக்குப் போங்க சார். ஏதாவதுன்னா போன் பண்றேன்" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மூன்று டீ குடித்தேன். போன் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஏழு வருடமாக அவளுக்கு நான் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்னமோ நடந்துகொண்டிருந்தது, எனக்கு என்னவென்று தெரியவில்லை.

பிப்ரவரி நடுவில் டீக்கடையையும் விட்டேன்.

இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு ஓரளவு வருகிறது. தமிழில் தடுமாறுகிறாள். கூட்டம் கூடினால் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவாள். யாராவது ஒரு பிள்ளை கூடவே போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் புதிய மிஸ்ஸிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களும் முதலில் கொஞ்சம் பயப்படுகிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், பையைக் கீழே போட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். வழக்கமாக நேரே பிஸ்கட் டப்பாவுக்குத்தான் போவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "மிஸ் திட்டினாங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றை அவளாக வந்து வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. எதற்கு என்று கேட்டேன். பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விட்டாள். நான்காம் வகுப்பு மிஸ்ஸுக்கே போன் போட்டேன்.

"ஆமா சார், திட்டினேன்" என்றார் அவர். கொஞ்சம் தயங்குவது தெரிந்தது. "நாலு பேர் சேந்து கிளாஸ்ல பேப்பர் கிழிச்சு மேல ஃபேன்ல போட்டு விளையாடினாங்க. நாலு பேரையும் எழுப்பி திட்டினேன். அவள தனியா ஒண்ணும் சொல்லல. கோச்சுக்கிட்டாளா?"

"இல்ல மிஸ்" என்றேன். "நல்லா திட்டுங்க."

நாவலூரிலிருந்து மனைவி வண்டியில் திரும்பிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வரும் வரை பொறுக்க முடியவில்லை. போனில் கூப்பிட்டுச் சொன்னேன். வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்:

"மத்த மூணு பேர் யாராம்?"