பாக்கியநாதனின் பெரிய படகு

பொன்மலை ரயில்வே பட்டறையில் மரவேலை பார்த்த பாக்கியநாதனுக்கும் அவனுடைய கூட்டாளி கிளமென்டுக்கும் ஒரே வருஷத்தில்தான் படகுப் பைத்தியம் பிடித்தது. மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. பாய் கட்டிய படகில் குடும்பத்தோடு ஆற்றோடு போய், கரையில் பொங்கித் தின்று, நாலைந்து நாள் சுற்றிவிட்டு வரவேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. எப்படிப்பட்ட படகு என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கொன்று கட்டினார்கள்.

பாக்கியநாதனின் படகு பதினெட்டு அடி. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். மழைக்கு ஒதுங்க முன்பக்கம் கூரை, அடுப்பு மூட்டத் தகரம் அடித்த மூலை. காற்றில் பக்கவாட்டில் நழுவாமலிருக்க, அடியில் ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். ஆழமில்லாத இடத்தில் கயிற்றை இழுத்தால் மேலே வந்துவிடும். கிளமென்டின் படகு பன்னிரண்டு அடி, தட்டையான அடிப்பாகம். மூன்றாவது ஆள் ஏறினால் காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். ஆனால் முழங்கால் தண்ணீரிலும் போகும், சுக்கானைத் தொட்டால் திரும்பும்.

எது உசத்தி என்று பட்டறையே இரண்டு கட்சியாகிவிட்டது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடத்துறையிலிருந்து கல்லணை வரை விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. பாக்கியநாதன் தன் படகில் பாய்க்கயிறு பிடிக்க ரெங்கராஜைக் கூட்டிக்கொண்டான். கிளமென்ட் தனியாக வந்தான்.

மேல்காற்று நன்றாக அடித்தது. பெரிய படகின் பாயும் பெரிது, சீக்கிரமே முந்திவிட்டது. உத்தமர்சீலி தாண்டும்போது இடது பக்கம் மணல் திட்டுக்கு அருகே ஒரு பரிசல் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு தலைகள் தெரிந்தன. சுற்றிலும் வாழையிலைக் கட்டுகள் மிதந்தன.

“திருப்புவோமாண்ணே?” என்றான் ரெங்கராஜ்.

“அங்க மணல் திட்டு. தரை தட்டிரும். பின்னாடி கிளமென்ட் வரான்ல.”

ரெங்கராஜ் அதை நம்பினான். பாக்கியநாதன் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லணையில் பட்டறை ஆட்கள் கைதட்டி, கழுத்தில் மாலை போட்டார்கள். கிளமென்ட் வரவில்லை. சைக்கிளில் வந்த ஒருவன்தான் விஷயத்தைச் சொன்னான். கிளமென்ட் காளியாயி என்ற பெண்ணைத் தூக்கிப் போட்டபோதே சின்னப் படகு சாய்ந்து தண்ணீர் ஏறி, விளிம்புவரை அமிழ்ந்துவிட்டது. அவள் புருஷன் நல்லுசாமியை ஏற்ற இடமில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டே வரச் சொல்லிக் கரைக்குத் தள்ளியிருக்கிறான். பாதி வழியில் நல்லுசாமியின் பிடி நழுவிவிட்டது. மறுநாள் கல்லணை மதகோரம்தான் உடல் ஒதுங்கியது.

சாவு வீட்டில், முன்னால் போன பெரிய படகு ஏன் நிற்கவில்லை என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். பாக்கியநாதன் வாய் திறக்குமுன் கிளமென்ட் முந்திக்கொண்டான். அது பெரிய படகு, அந்த இடத்துக்கு வந்தால் தரை தட்டியிருக்கும் என்றான். காளியாயி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பாக்கியநாதன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான், கோபப்பட்டதையும் பொய் சொன்னதையும் சாமியாரிடம் சொல்லிவிட்டு, இதை மட்டும் சொல்லாமல் திரும்பினான். கடைசியில் கிளமென்டிடம் போய், எனக்காக ஏன் பேசினாய் என்று கேட்டான்.

“பலகையைத் தூக்குற கயித்துக்குக் கப்பி மாட்டிக் குடுத்ததே நான்தானே. எனக்குத் தெரியாதா?” என்றான் கிளமென்ட். “உனக்காகப் பேசல. புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கிற பொம்பளை, அன்னிக்கு அதையும் சேர்த்துக் கேக்கணுமான்னு இருந்துச்சு.”

தன் படகு இன்னும் இரண்டடி நீளமாக இருந்திருந்தால் என்று கிளமென்டுக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிரித்து, பலகைகளை அடுப்புக்குப் போட்டுவிட்டான். பாக்கியநாதன் தன்னுடையதை உத்தமர்சீலிக்கே கொண்டுபோய், ஊர்க்காரர்கள் ஆறு கடக்க வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டான். ஓடக்காரன் பிச்சமுத்து மற்ற நாட்களில் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாக்கியநாதனே வந்து ஓட்டினான். ஊர் ஜனங்கள் அவனை நல்ல மனுஷன் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

காளியாயி அந்தப் படகில் கால் வைக்கவில்லை. இலைக்கட்டைத் தலையில் சுமந்து, ஸ்ரீரங்கம் போய்ப் பாலத்தைச் சுற்றித்தான் டவுனுக்குப் போய்வந்தாள். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்கு அவசரமாக இலை கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் வற்றியிருந்தது, அடியில் மணல் தெரிந்தது.

“இவ்வளவு தண்ணியில தரை தட்டாதுங்களா?” என்று கேட்டாள்.

பழகின வழிதான் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவன் கயிற்றைக் காட்டினான். “அடியில ஒரு பலகை இருக்கும்மா. இதை இழுத்துட்டா தட்டாது.”

அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள்.

“அன்னிக்கும் இருந்துச்சா?”

“இருந்துச்சு. பந்தயத்துல முந்திக்கிட்டு இருந்தேன். இழுக்கல.”

அவன் துடுப்பை நிறுத்தினான். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அதைத்தான் வேண்டினான் என்றுகூடச் சொல்லலாம். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரை வந்ததும் இலைக்கட்டைத் தூக்கிவிடக் குனிந்தவனை விலக்கி, கூட வந்த வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னாள்.

அப்புறம் அவள் மற்ற நாட்களில் படகில் வருகிறாள், ஞாயிறு மட்டும் பாலத்தைச் சுற்றிப் போகிறாள் என்று பிச்சமுத்து சொன்னான். காரணம் அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரத்தோடு பாக்கியநாதன் உத்தமர்சீலிக்குப் போவதை நிறுத்தினான். காற்று பலத்தால் பாயை எவ்வளவு இறக்க வேண்டும், பலகையை எப்போது தூக்க வேண்டும் என்றெல்லாம் பிச்சமுத்துவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, டவுன் வரை நடந்தே வந்தான்.

சித்திரையில் பாலக்கரைப் பக்கம் பிச்சமுத்துவைப் பார்த்தபோது, இப்போது யார் யார் படகில் வருகிறார்கள் என்று பொதுவாக விசாரித்தான். பிச்சமுத்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, காளியாயி இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள் என்றான்.