டாக்டர் என்றால் திரும்பிப் பார்க்காதவர்

போன வாரம் காலையில் ஆர்.கே.பேட்டையில் திருத்தணி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது முனிரத்தினத்தின் மகள் போன் செய்தாள். "மாமா, நைனா போயிட்டாரு. எழுப்பப் போனேன், ஒடம்பு சில்லுனு இருந்துச்சு." அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அதே பஸ்ஸில் ஏறிப் போனேன்.

ராணுவ மருத்துவப் பிரிவில் அவர் நர்சிங் அசிஸ்டென்ட், நான் ஆம்புலன்ஸ் டிரைவர். ஊசி போடுகிற எல்லோருமே ஜவான்களுக்கு 'டாக்டர் சாப்'தான். அந்தப் பெயரில் பலருக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஒருவர் அதைச் சொல்லியே பெண் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டார். முனிரத்தினத்துக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது.

ஓய்வுபெற்றுத் திருத்தணிக்கு வந்த பிறகு ஊரார் அவரை 'மிலிட்டரி டாக்டர்' ஆக்கினார்கள். அதற்குள் அவருக்கு அந்தச் சொல் ஆகாமல் போயிருந்தது. "டாக்டர் இல்லீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, ஓடியாறேன்" என்பார். அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் தன்னடக்கம் என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள். இரண்டும் இல்லை.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று இருவரும் மலைப்படி ஏறிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் காவடியோடு போனவர் அப்படியே சரிந்தார். "வழி வுடுங்க, மிலிட்டரி டாக்டர் வராரு" என்று யாரோ கூவினார்கள். முனிரத்தினம் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்.

"டாக்டரே, உசுரு கீதுங்களா?" என்று அந்த மனிதரின் மனைவி கேட்டார்.

"நான் டாக்டர் இல்லம்மா. உசுரு இருக்கிற மாதிரி தெரியல. ஆனா வுடமாட்டேன்."

"டாக்டர் இல்லாத ஆளு எதுக்குய்யா மேல கை வெச்ச?" அந்த அம்மா அவர் முதுகில் அறைந்தார். ஸ்ட்ரெச்சர் வரும்வரை அடியை வாங்கிக்கொண்டே அவர் அழுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் பிரிந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பிறகு, "இன்னிக்கு நிஜத்தைச் சொன்னேன், அடிச்சாங்க. அன்னிக்குப் பொய் சொன்னேன், அவன் கும்பிட்டான்" என்றார்.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டியது நான்தான். எல்லைச் சாவடியிலிருந்து வயிற்றில் குண்டு பாய்ந்த ஒரு ஜவானை ஏற்றி வந்தோம். சித்தூர்ப் பக்கத்து இளைஞன். "டாக்டர் சாப், பொழைப்பேனா?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தான். முனிரத்தினமும் தெலுங்கிலேயே, "டாக்டர் நானே சொல்றேன், பொழைச்சுக்குவே" என்றார். அவன் கை கூப்பினான். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

"சாவப்போறோம்னு தெரிஞ்சிருந்தா வூட்டுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்" என்றார் டீக்கடையில். "டாக்டர்னு சொல்லி அவன் வாயை நான் அடைச்சிட்டேன்."

 

அவரை நினைக்கும்போது எனக்குக் கண்முன் வருவது அந்த ஜவானை ஏற்றி வந்த மலைப்பாதைதான். முகாமுக்கு இன்னும் தூரம் இருந்தது. பின்னால் சத்தமே இல்லாததால், "போயிட்டானா?" என்று கேட்டேன். "ஆங்" என்றார். அவன் தலை அவர் மடியில் இருந்தது. எடுத்துக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "மெதுவா ஓட்டு. ரோடு மோசமா கீது, அவனுக்குத் தூக்கிப் போடுது."

அவர் விட்டுப்போனதில் என்னோடு இருப்பது அந்தக் குரல்.