அரக்கு உடையாத பொட்டலம்

என் பெட்டியின் அடியில் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம் கிடக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு. அந்த அரக்கை உருக்கி ஊற்றியவன் நான்தான். அதற்குப் பின் நான் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் மறந்திருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் கல்லூரி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். எங்கள் சரித்திர ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பர்மியப் பியூன் முதல் மாணவர்கள் வரை எல்லோருக்கும் அவர் 'ஸயாஜீ', பெரிய வாத்தியார். உத்தியோகக் காகிதத்தில் மட்டும் வெறும் விரிவுரையாளர். சீமைப் பல்கலைக்கழகம் ஒன்று அவருடைய ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டால்தான் புரொபஸர் பதவி. ஆராய்ச்சியோ ஆதி அமெரிக்காவைப் பற்றியது. பர்மாவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவா என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். அங்கே குடியேறியவர்கள் துப்பாக்கி தூக்குவதற்கு முன்னால் கடலுக்கு அப்பால் இருந்த இங்கிலாந்து ராஜாவுக்கு எத்தனை மனுப் போட்டார்கள், அவை யார் மேசையில் தூங்கின என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். பதினோரு வருஷம் அதற்காகப் புத்தகம் தருவித்தார். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த பக்கங்களைக் கரியடுப்பின் சூட்டில் காயவைத்துப் படித்த மனிதர்.

நான் டைப் அடித்து முடித்த அன்று, பரீட்சை மேற்பார்வைக்காக மௌல்மீனுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். "நேரே தபாலாபீஸ்ல கொண்டு போய்ப் போட்டுடுங்க. கெடு நெருங்கிடுச்சு" என்றார். சூலே பகோடாவைத் தாண்டிப் பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. உத்தியோகத்தில் இருப்பவர் அனுப்பும் காகிதம் மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறியிருந்தது. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரின்சிபால் துரையின் மேசையில் வைத்து வணங்கிவிட்டு வந்தேன். ஸயாஜீ மௌல்மீனிலிருந்து திரும்பி வந்து கேட்டபோது, "போயிடுச்சு, சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அதன்பின் கப்பல் தபால் வரும் நாளெல்லாம் என் மேசையருகே வந்து நிற்பார். "ஏதாவது வந்துச்சா?" வராது. மறு வருஷம் வெள்ளையடிக்கத் துரையின் அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் தூசியோடு கிடந்தது பொட்டலம். துரை வேண்டுமென்றே ஒதுக்கினாரா, மறந்துபோனாரா என்று கேட்கும் தைரியம் எங்கள் ஒருவருக்கும் இல்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கெடு எப்போதோ முடிந்திருந்தது. ஸயாஜீயின் கையில் கொடுத்தேன். அரக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"நேராப் போடச் சொன்னேனே?"

"மேலிடம் வழியாத்தானே சார் போகணும்?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "இவ்வளவு டைப் அடிச்சீங்களே, எதைப் பத்தின்னு ஒரு பக்கம்கூடப் படிக்கலையா?" என்றார். பொட்டலத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார்.

எழுத்து எழுத்தாக அடித்தேன், ஒரு பக்கமும் படிக்கவில்லை. இப்போது படிக்கலாம், நேரமும் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த அரக்கை உடைக்க வேண்டும். கை அதன்மேல் போகும்போதெல்லாம், யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமோ என்று இன்னமும் தயங்குகிறேன்.