எல்லாம் அக்கா சொன்னதுதான்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை பெண்களுக்கான கூட்டம் நடக்கும். கிளீனிங், தொழிற்சாலை, ஹோட்டல் வேலை என்று இருக்கும் பெண்கள் மேல் பதவிக்குப் போவது எப்படி என்று பேச என்னைக் கூப்பிடுவார்கள். நானும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய்ப் பேசுவேன். நிமிர்ந்து உட்காருங்கள், செய்த வேலையை வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள் என்பேன். கை தட்டுவார்கள். பிறகு வடையும் டீயும் வரும். அந்த மேடையில் நான் ஒருமுறைகூடச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுதவே கை கூசுகிறது.

கிள்ளானில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக லோரியில் வந்து இறங்கும். அழுக்குத் துணியைப் பிரிக்கும் மேசையில்தான் நானும் ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் ஆகப் பதினெட்டு வருடம் பிடித்தது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் மாடி ஆபீசுக்குப் போய் ஏசியில் உட்கார்ந்தார்கள். "நீ கீழே இருந்தாத்தான் லா வேலை ஓடுது" என்று உள்ளூர் 'லா' போட்டுச் சொல்வார் பாஸ். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்த ஊரில் நம் பெண்களுக்கு அந்தப் பாராட்டுக்குக் குறைச்சலே இல்லை.

என் மேசையில் வேலை பார்த்தவர்களில் ஒருத்தி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பக்கத்து ஊரான காப்பாருக்குக் கல்யாணமாகி வந்தவள். புருஷன் இங்கே பிறந்தவர். மாமியார் வீட்டில் அவளுக்கு 'இந்தியாக்காரி' என்றே பெயர். எங்கள் பெண்களும் முதலில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான். நம்மை இந்த நாட்டில் யார் யாரோ மட்டமாகப் பார்க்கிறார்கள் என்று பொருமுகிற நாமே, ஊரிலிருந்து வந்த ஒருத்தியைக் கண்டால் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறோம். ச்சே, என்ன புத்தியோ.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி என்றால் அவள்தான். எங்கள் மேசையில் தமிழ், மலாய், நேபாளி, பர்மா என்று நாலு பாஷை. துணி மாறிப்போகும். குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டியது ஆபரேஷன் அறைக்குப் போய்விடும். மருத்துவமனையிலிருந்து போனில் காய்ச்சி எடுப்பார்கள். சீட்டு எழுதி ஒட்டிப் பார்த்தேன், படிக்க ஆளில்லை. ஒரு நாள் அவள் நாலு நிறத்தில் ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு வாங்கி வந்தாள்.

"சீட்டு எதுக்குக்கா? சிவப்புக் கட்டுனா ஆபரேஷன், மஞ்ச கட்டுனா பிரசவம். கண்ணு இருந்தா போதும்."

ஒரே மாதத்தில் புகார் நின்றது. மருத்துவமனையிலிருந்து பாஸுக்கு நன்றிக் கடிதம் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, "பிரமாதம், இந்தக் கயிறு யோசனை" என்றார். "தேங்க்யூ பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேரையும் சொல்லவில்லை.

அடுத்த சில மாதத்தில் என்னை உதவி மேனேஜராக மாடிக்கு அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்படிப் போனால் நான் இருந்த சூப்பர்வைசர் இடம் காலியாகும். அவளை விண்ணப்பம் போடச் சொன்னது நான்தான். முதலில் மறுத்தாள். பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"வீசாவுக்கு அவர் கையெழுத்து. வீடு அவர் பேர்ல. போன் நம்பர்கூட அவர் பேர்லதான். ஒரு லெட்டர்லயாவது என் பேரு மட்டும் இருக்கணும்க்கா. அதுக்காகப் போடுறேன்."

"பயப்படாதடி. இன்டர்வியூல உள்ள பாஸும் நானும் மட்டும்தான். நான் பக்கத்துலதானே உக்காந்திருப்பேன்" என்றேன்.

நேர்முகத் தேர்வு அன்று ஊதா நிறப் புடவையில் வந்தாள். பாஸ் மலாயில் கேட்டார், அவளும் மலாயிலேயே பதில் சொன்னாள். தப்பும் தவறுமாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள். ஷிப்ட் போடுவது, மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் சொன்னாள். கடைசியில் பாஸ் கேட்டார்.

"அந்தக் கலர் கயிறு வந்ததுல உனக்கு என்ன பங்கு?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். சிரித்தாள்.

"எல்லாம் அக்கா சொன்னதுதான், பாஸ்."

நம்மவர்களுக்கு இது புரியும். கல்யாண வீட்டில் சாம்பார் அருமை என்று யாராவது சொன்னால், சமைத்தவள் "அக்காதான் பக்குவம் சொன்னாங்க" என்று பக்கத்தில் நிற்கும் மூத்தவளைக் காட்டுவாள். மூத்தவள் அடுத்த நொடியே, "ஐயோ, நான் கரண்டியைக்கூடத் தொடல. எல்லாம் இவ கைப்பக்குவம்" என்று சொல்லியாக வேண்டும். தன் வாயால் தன்னைப் பெருமை பேசக் கூடாது, மூத்தவள் வாயால் வர வேண்டும். அதுதான் நம்மிடையே மரியாதை. அவள் தன் பாதியைச் செய்துவிட்டாள். என் பாதிக்காக அந்த அறையே காத்திருந்தது. பாஸும் என்னைப் பார்த்தார்.

என் மாடி வேலைக்கான கடிதத்தில் பாஸ் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கயிறு அவளுடையது என்று சொன்னால், அப்போது நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதோடு இன்னொன்றும் உள்ளே ஓடியது. மாடியில் நம் பெண் ஒருத்திக்குத்தான் இடம் கொடுப்பார்கள், அதை இவளிடம் பறிகொடுத்துவிடாதே என்று. அவள் கேட்டதோ என் பழைய இடத்தை! அதைக்கூட யோசிக்க முடியாத அளவுக்குப் பதினெட்டு வருடம் என்னைப் பழக்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் வெளியே போனதும் பாஸ் பேனாவை மூடினார். "நல்ல பொண்ணு. ஆனா சொன்னதைச் செய்றவ. சூப்பர்வைசருக்குச் சொந்த யோசனை வேணும் லா" என்றார்.

அந்தச் சூப்பர்வைசர் வேலை, துணி உலர்த்தும் டிரையர் பகுதியில் இருந்த ஓர் ஆளுக்குக் கிடைத்தது. நான் மாடிக்குப் போனேன். புது நாற்காலி, கண்ணாடி ஜன்னல். ஜன்னலில் பார்த்தால் நேர் கீழே பிரிக்கும் மேசை. இரண்டு வாரம் தாங்கினேன். பிறகு பாஸ் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"இப்ப வந்து சொல்றியா? லெட்டர் ரெண்டும் கொடுத்தாச்சு."

அன்று சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். கயிறு விஷயத்தை முதலிலிருந்தே மறைத்தது, பயம், பொறாமை, எதையும் விடாமல் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை.

"நீங்க பேசுவீங்கன்னுதான் நான் அப்படிச் சொன்னேன். இல்லாட்டி நானே சொல்லியிருப்பேனே" என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "நேரமாச்சு, மேடம். பிள்ள காத்துக்கிட்டு இருக்கும்."

மேடம். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் அவள் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

ஒரு வருடம் கழித்து அந்த டிரையர் ஆள் வேறு வேலைக்குப் போனார். இடம் மறுபடி காலி. நான் மாடியிலிருந்து இறங்கி மேசைக்கு ஓடினேன். இந்த முறை பாஸிடம் எல்லாம் பேசிவிட்டேன், நீ பெயர் கொடுத்தால் போதும் என்றேன். அவள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"வேணாம் மேடம். அந்த ரூம்ல திரும்பப் போயி என்னால உக்கார முடியாது."

"எனக்காகன்னு நினைச்சுக்கோ" என்று கெஞ்சினேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசிங்கமான வார்த்தை என்று உறைத்தது.

அவள் மேசையின் மறுமுனையைக் காட்டினாள். அங்கே ஓர் இந்தோனீசியப் பெண், இவளைப் போலவே இங்கே கல்யாணமாகி வந்தவள், மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத பெண்.

"அவ ஆறு மாசமா பாதி ஷிப்ட்ட தனியா ஓட்டுறா. யாருக்கும் தெரியாது. கேட்டா, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுன்னுதான் சொல்லுவா. அவ பேரக் குடுங்க. நான் உள்ள வர மாட்டேன், நீங்கதான் இருப்பீங்க. இந்த வாட்டியாவது வாயத் தொறங்க."

திறந்தேன். பாஸ் கையைக் காட்டி நிறுத்தும்வரை பேசினேன். அந்த இந்தோனீசியப் பெண்ணுக்கு அன்றைக்கே வேலை உறுதியானது. நான் கீழே வந்து மேசையருகே நின்றேன்.

"சொல்லிட்டேன். கிடைச்சிருச்சு" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று அவள் அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.