கடலுக்குக் கட்டிய பை

“…துணிய அப்பறம் பாத்துக்கலாம். கயிறு வெச்சியா, அத்த சொல்லு மொதல்ல,” என்றார் நைனா.

நான் அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் பகுதி இளைஞர் மன்றம் பிள்ளைகளை ஏலகிரி மலைக்கு அழைத்துப்போய், சனி ஞாயிறு கூடாரத்தில் தங்கவைப்பதாக ஏற்பாடு. என்னென்ன வேண்டும் என்று மன்றத்து அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு செட் துணி, போர்வை, தட்டு, டம்ளர், டார்ச். அடியில் கோடு போட்டு ஒரு வரி: ஆளுக்கு ஒரு பை, அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும், முடியாதவர்களுக்கு வேனில் இடமில்லை. அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

நைனா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். போனால் திரும்பிவரப் பத்து நாளாவது ஆகும். அவர் பையை எப்போதும் அம்மாதான் கட்டுவாள். அவர் கிளம்பிய அன்று பொழுது சாயும்வரை வீடு வாசல் பெருக்கவும் மாட்டாள். நைனாவுக்கு அது பெரிய வேடிக்கை. “இவ கூட்டுனா அங்க கடல்ல போட்டு கவுந்துடுமாம்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடந்தன, நைனா வீட்டில் கிடந்தார். கைக்கு வேலையில்லாத மனுஷர் என் பையைப் பிடித்துக்கொண்டார்.

துணியைப் பாலிதீன் கவரில் சுருட்டி, காற்றைப் பிதுக்கி, முடிச்சுப் போட்டார். தீப்பெட்டியைக் கவருக்குள் வைத்து, வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினார். ஆதார் நகலுக்கும் அதே மரியாதை. பெரிய பாட்டில்களில் குடிதண்ணீர் மூன்று; தண்ணீரைக் கடையிலும் வாங்கலாம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அதன்மேல் கட்டைவிரல் பருமனில் நைலான் கயிறு, பத்து பாகம்; அறுபது அடிக்குக் குறையாது. கடைசியாக, மூடியை இறுக்கித் திருகிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், காலியாக.

“அது மல நைனா. அங்க கடல் இல்ல.”

“மலைன்னா தண்ணியே இருக்காதா? ஏரி கீது, போட்டு வுடறாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா இல்லியா? இத்த கட்டிப் புடிச்சினா முழுவ மாட்ட.”

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: “உன் போட்டையும் மடிச்சி உள்ள வெச்சிடேன்யா. புள்ளைக்கு ஒதவும்.”

“வெப்பேன், ஜிப்பு மூடாது.”

உட்கார்ந்தபடி பையை மாட்டிக்கொண்டு எழப் பார்த்தேன். பாதி எழுந்து, அப்படியே மல்லாந்தேன்.

சாயங்காலம் அவர் கிழிந்த வலையைப் பொத்தப் போனதும், கேனையும் கயிற்றையும் இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன்.

மறுநாள் காலை வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. நைனா பையை ஒரு கையால் தூக்கினார். மீன் கூடையைத் தூக்கியே எடை சொல்லிவிடுகிற கை அது. பை பாதி உயரத்தில் நின்றது.

“லேசா கீதே.”

“நல்லா அடுக்கிட்டேன் நைனா.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு டிரம் பக்கம் பார்த்தார். கேனின் சிவப்பு மூடி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் திரும்ப உள்ளே போகும், வேன் என்னை விட்டுவிட்டுப் போகும் என்று நின்றேன். அவர் பையை என் முதுகில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தார்.

“தண்ணிகிட்ட போவாத. போய்ட்டு வா.”

தெருமுனைவரை நானே சுமந்துகொண்டு நடந்தேன். அக்கா பார்த்துவிட்டு ஏறச் சொன்னார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கிருந்து எங்கள் வாசல் தெரிந்தது. அம்மா துடைப்பத்தோடு வந்து, வாசலைக் கூட்டக் குனிந்தாள். போவது நான்தானே, அதுவும் மலைக்குத்தானே. நைனா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார். அம்மா நிமிர்ந்து ஏதோ கேட்டாள். வேலையில்லாவிட்டால் மனுஷர் இப்படித்தான் வம்பிழுப்பார் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளுக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். மறுபடி பார்த்தபோது வேன் நகர ஆரம்பித்திருந்தது. நைனா நுனிக்காலில் எக்கி, துடைப்பத்தை அம்மாவுக்கு எட்டாதபடி ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்மேல் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார்.