கேப்டனும் டாக்டரம்மாவும் அண்ணன் தங்கை ஆன கதை

துவாக்குடியில் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தால் முதல் இரண்டு நாள் கட்டிலும் லேப்டாப்புமாகத்தான் கிடப்பாள். போன வாரம் துணி மடிக்க அவள் அறைக்குப் போனேன். லேப்டாப் சூடேறி, பிளாஸ்டிக் காய்கிற வாசனை அடித்தது. எங்கேயோ பழகிய வாசனையாக இருக்கிறதே என்று திரையைப் பார்த்தால், வெள்ளிநிறச் சட்டை போட்ட ஒரு கேப்டன். அவருக்குப் பின்னால் அட்டையில் செய்தது போல ஒரு விண்கலம். மடித்துக்கொண்டிருந்த துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இது ரொம்பப் பழைய ஸ்பேஸ் சீரியல். உனக்குப் புரியாது" என்றாள்.

எனக்கா புரியாது? இந்தத் தொடரை ஸ்ரீரங்கத்துக்கே இரண்டு தடவை கதையாகச் சொன்னவள் நான். புரிந்து சொன்னேனா என்பது வேறு விஷயம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

டிகிரி முடித்த கையோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு கேபிள் டி.வி.க்காரரிடம் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. மாடியில் ஒரே அறை. ஒரு பக்கம் டேப் ஓட்டும் டெக்குகள், இன்னொரு பக்கம் நீலத் துணி, அதற்கு முன்னால் நான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போவேன். கேமராவில் தெரிகிற இடுப்புக்கு மேலே புடவை மடிப்பு கலையாமல் இருக்கும். கீழே ஹவாய் செருப்பு. சாயங்காலம் டெக்குகள் சூடேறி வரும் வாசனையும் என் தலையில் இருக்கும் மல்லிகையும் கலந்து ஒரு மாதிரி தலையைச் சுற்றும். இன்றைக்கும் மல்லிகையை முகர்ந்தால் எனக்குப் பிளாஸ்டிக்தான் ஞாபகம் வருகிறது.

வேலைக்குச் சேரும்போது ஓனர் கேட்டது ஒரே கேள்வி. "இங்கிலீஷ் வரும்ல?"

"வரும் சார்" என்றேன். பச்சைப் பொய். அதுவரை என் ஜாதகம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால், அது இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

ஒருநாள் ஓனர் எங்கிருந்தோ ஒரு பெட்டி நிறைய டேப் கொண்டுவந்தார். வெளிநாட்டில் என்றோ ஓடி முடிந்த விண்வெளித் தொடர். டப்பிங் கிடையாது. "தினம் ஆறு மணிக்குப் போடறோம். அதுக்கு முன்னாடி நீ வந்து ரெண்டு நிமிஷம் கதையைச் சொல்லிடும்மா. சனங்களுக்குப் புரியணும்ல" என்றார்.

முதல் டேப்பைப் போட்டுப் பார்த்தேன். 'எஸ்', 'நோ', 'கேப்டன்' மூன்றும் பிடிபட்டன. மீதியை முகங்களைப் பார்த்து நானே இட்டுக்கட்டினேன். விண்கலத்து டாக்டரம்மா கேப்டனை ஓயாமல் அதட்டினாள். அவ்வளவு உரிமையோடு அதட்டுவது தங்கையாகத்தானே இருக்க முடியும்? ஆகவே அண்ணன் தங்கை. காணாமல் போன அப்பாவைத் தேடிக் கிரகம் கிரகமாக அலைகிறார்கள். ஊர் நம்பியது. சாத்தார வீதியில் பூக்காரம்மா என்னை நிறுத்தி, "அப்பா கெடச்சாராம்மா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒன்பது நாள் ஒழுங்காக டேப்பை முன்கூட்டிப் பார்த்தேன். பத்தாம் நாள் பஸ் தாமதம், கொஞ்சம் தலைக்கனமும். பார்க்காமலேயே வந்து உட்கார்ந்து, "இன்று அண்ணனின் பாசம் உங்களைக் கண்கலங்க வைக்கும்" என்று சொல்லிவிட்டேன். இருபதாவது நிமிஷம் கேப்டன் டாக்டரம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, உதட்டில் முத்தம் கொடுத்தார். சீக்கிரத்தில் விடவும் இல்லை. டெக்கை நிறுத்தலாம் என்றுகூடத் தோன்றாமல் நின்றேன்.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஓனர் நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இதுக்கு ஒரு பதில் சொல்லு. இல்லன்னா சீரியலும் வேண்டாம், நீயும் வேண்டாம். பாட்டு போட்டுக்கறேன்" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார். அடுத்த போனை நான்தான் எடுத்தேன்.

"திருவானைக்காவல்லேருந்து பேசறேங்க. கதை சொல்ற பொண்ணுங்களா? எங்க வீட்டுக்காரர் காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியார். நீங்க சொல்றது வேற கதைன்னு முதல் நாளே சொல்லிட்டாரு."

"ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றேன்.

"பயப்படாதீங்க. அவர் சொல்ற கதை நல்லால்ல. அவங்க ஏதோ எரிபொருள் தேடித்தான் போறாங்களாம். நான் உங்க கதையைத்தான் பாக்கறேன். ஆனா இப்ப எங்க மாமியார் டி.வி.யை நிறுத்திட்டாங்க. நாளைக்கு நான் பாக்கணும். அதனால கேப்டன் அவளுக்கு அத்தை பையன்னு சொல்லிடுங்க. ஒண்ணா வளந்ததால நீங்க அண்ணன் தங்கைன்னு நெனச்சுட்டீங்க. அவ்வளவுதான்."

மறுநாள் அப்படியே சொன்னேன். கேப்டனின் அம்மாவும் டாக்டரம்மாவின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்றேன். காணாமல் போன அந்த மாமாவைத் தேடுவதே கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கத்தான் என்று என் பங்குக்கு ஒரு முடிச்சும் போட்டேன். அன்று ஒரே ஒரு போன் வந்தது. முகூர்த்தம் எப்போது என்று கேட்டார்கள். ஓனர் அதற்குப் பிறகு பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

தொடர் முடிந்ததும் மறுபடியும் போடச் சொல்லி ஒரே தொந்தரவு. மறு ஒளிபரப்பு என்றதும்தான் எனக்குப் புது வினை. நான் எதையும் எழுதி வைக்கவில்லை. போன தடவை என்ன புளுகினேன் என்று எனக்கே தெரியாது. திருவானைக்காவல் அக்காதான் தினமும் ஐந்தரை மணிக்கு போன் செய்து எடுத்துக் கொடுத்தார். "இன்னைக்குத்தான் மாமாவோட மோதிரம் கெடைக்குது. மறந்துட்டீங்களா?" நடுநடுவே அவரும் கொஞ்சம் சேர்த்தார். நான் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. அவர் போனுக்காகக் காத்திருந்த அந்த ஐந்தரை மணிகள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்று இப்போது தெரிகிறது.

அந்த மாடி அறையில் இன்று செல்போன் கவர் விற்கிறார்கள். தொடருக்கு ஒரு குறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், கீழே தமிழில் எழுத்துகூட ஓடுகிறது. படித்துப் பார்த்தேன். எரிபொருள்தான் தேடுகிறார்கள். வாத்தியார் சொன்னது சரி.

என் இரண்டு நிமிஷம் மட்டும் எந்த டேப்பிலும் இல்லை. நேரடியாகப் பேசியது, பேசியதோடு காற்றில் போய்விட்டது. முழுக் கதையும் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். தினமும் பேசியவரிடம் ஒருநாளும் பேர் கேட்டதில்லை. மாமா கடைசியில் எந்தக் கிரகத்தில் கிடைத்தார், கல்யாணத்துக்கு என்ன சொன்னார், எனக்கு ஞாபகமில்லை. அக்காவைக் கேட்டால் தெரியும்.