மாட்டுக்குப் பக்கத்தில் என் படம்

அரசாங்கம் விழுந்த மறுநாள் காலை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்கு ஒரு சந்திப்பு இருந்தது. ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரத்தில் நான் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த டேனிஷ்காரர் விரித்து வைத்திருந்த பேப்பரின் முதற்பக்கத்தில், கொட்டை எழுத்தில், எங்கள் சனத்தின் பெயர். தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் கோப்புகளை நிறுத்திவைத்த விவகாரத்தில் பிரதமர் பதவி விலகியிருந்தார்.

எங்களால் வேலை போன மனுசன் இனி இங்கே வந்து எனக்குப் பின்னால் நம்பர் எடுப்பாரோ என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது.

அந்த ஆள் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானா அது?" என்று டேனிஷில் கேட்டார். நான் "ஓம்" என்று அவருடைய மொழியிலேயே சொல்லிவிட்டேன். எதை ஒப்புக்கொண்டேன் என்று பிறகுதான் யோசித்தேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அந்த ஆட்டலில் கோபமா, இரக்கமா, ஒன்றும் இல்லையா, இன்றுவரை தெரியாது.

ஆனால் அந்தக் கேள்வி ஐந்து வருசத்துக்கும் மேலாக எனக்குள்ளேயே கிடந்த கேள்வி. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கொழும்பும் டெல்லியும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த கோடை அது. மனைவியும் இரண்டு வயது மகளும் மானிப்பாயில் இருந்தார்கள். நான் இங்கே ஹோர்சன்ஸில், என்னைவிட எட்டு வயது மூத்த ஒரு அண்ணையோடு ஒரே வீட்டில் இருந்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அண்ணை அட்வான்ஸ் லெவல் எடுத்தவர். ஆகவே வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் அவர் கைக்குப் போகும். அவருக்கும் அப்போது டேனிஷ் தெரியாது என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

ஒப்பந்தச் செய்தி வந்த கிழமை, உள்ளூர்ப் பேப்பரிலிருந்து ஒரு பெண் கமராவோடு வந்தா. எங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதே, சந்தோசமா என்று கேட்டா. ஓம் என்றோம். ஊருக்குப் போக விருப்பமா என்று கேட்டா. யாருக்குத்தான் விருப்பமில்லை, ஓம் என்றோம். மரவள்ளிக் கிழங்கு, மீன் குழம்பு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் என்னவோ சொன்னேன். என்னைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தா.

படம் வந்தது. பக்கத்திலேயே இன்னொரு படம். வேலியை உடைத்துக்கொண்டு ஓடி, கடற்கழியை நீந்திக் கடந்த ஒரு மாடு. மாட்டின் படம் என் படத்தைவிடப் பெரிது. அதன் பெயரையும் போட்டிருந்தார்கள்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கு. நல்ல மனுசர் எண்டு போட்டிருக்கு," என்றார்.

பேப்பரில் படம் வந்த ஆளை எங்கள் ஊரில் எப்படி மதிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பதினைந்து போட்டோக்கொப்பி எடுத்தேன். என் செய்தி சின்னதாக இருந்ததால் பக்கத்து மாட்டின் பின்பாதியும் கொப்பியில் சேர்ந்தே விழுந்தது. வேலைக்குப் போட்ட ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒன்று வைத்தேன். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கான படிவத்தைப் பொலிசில் கொடுத்தபோது அதோடும் ஒன்று. என்னைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை கோப்பில் கிடக்கட்டும் என்று, நானாக ஊசி குத்திக் கொடுத்தேன்.

பன்றி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் என் கொப்பியை வாசித்துவிட்டு எழுந்து வந்து கையைக் குலுக்கினார். வாழ்த்துகள் என்றார். பிறகு மாட்டைக் காட்டி என்னவோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேலை கிடைத்துவிட்டது என்று வழியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த கிழமை இல்லை என்று கடிதம் வந்தது.

ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை தொடங்கியது. சமாதானத்துக்கு வந்த இந்திய ஆமியே செல் குண்டு அடித்தது. கடிதங்கள் நின்றன. இங்கே கோப்பைப்பற்றிக் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வரும். இரண்டு மாதம் விட்டு இன்னொரு பதில். ஒரு நாள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரிக்கு வரி அப்படியே பொருந்தியது. திகதி மட்டும்தான் வேறு.

அந்த மாரியில் அண்ணை மொழி வகுப்புக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பாணைக் கடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த என் படத்துக்குக் கீழே இருந்ததை வாசிக்கத் தொடங்கினார். கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"தம்பி, இதை ஆருக்கும் குடுத்தனியே?"

"ஓம் அண்ணை. வேலைக்குக் குடுத்தனான். பொலிசிலையும் குடுத்தனான்."

"பொலிசிலை ஏன்ரா குடுத்தனீ? சண்டை முடிஞ்சுது, இனி வீட்டை போகப்போறம், அங்கைதான் என்ரை சீவியம் எண்டு நீ சொன்னதாயெல்லோ கிடக்கு."

"நீங்கள்தானே நல்லா எழுதியிருக்கு எண்டு சொன்னனீங்கள்?"

"நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றார் அண்ணை மெதுவாக. "அதுதான் பிரச்சினை."

ஊருக்குப் போகப்போகிறவனுக்கு யார் வேலை பழக்குவான்? அதைவிட, ஊருக்குப் போகப்போகிறவனின் பெண்சாதியை எந்த அரசாங்கம் இங்கே கூப்பிடும்? கொப்பியைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். எழுதினால், கவனிக்காமல் இருந்தவனும் எடுத்து வாசிப்பான். எழுதவில்லை.

போகமாட்டேன் என்று காட்டுவதற்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். தடித்த கம்பளிக் கோட் வாங்கினேன். நான்கு பேர் இருக்கக்கூடிய ஒரு சோபாவைச் சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணையும் நானும் மூன்று தெரு சுமந்து வந்தோம். வேலை விண்ணப்பங்களில் நான் இங்கிருந்து எங்கேயும் போகமாட்டேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அப்படி எழுதினால் முதலாளி பயந்துவிடுவான் என்றார் அண்ணை. எழுதத்தான் செய்தார். தொலைக்காட்சியில் யாராவது அமைச்சர் வந்தால், அவர் மேசையில் மாட்டின் பின்பாதி தெரிகிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறேன்.

மனைவியும் மகளும் வந்து சேர இரண்டு வருசத்துக்குமேல் ஆனது. காஸ்ட்ரப் விமான நிலையத்தில் நான் பேசப் பேச, மனைவி முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தா. முதலில் வெட்கம் என்று நினைத்தேன். கோப்பு இங்கே கிடந்த காலத்தில், பக்கத்து வளவில் விழுந்த செல் அவவின் இடது காதின் கேட்கும் சக்தியைக் கொண்டுபோயிருந்தது. கடிதத்தில் அதை அவ எழுதவில்லை. நானும் எதை எழுதினேன்? வீட்டிலே வலப்பக்கம் இருந்து கதைக்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பேப்பர்த் துண்டைச் சுவரிலிருந்து கழற்றி, யாரும் திறக்காத பைல் ஒன்றுக்குள் வைத்தேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி அதே சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தா. முதலாம் வகுப்பில் படிக்கும் மகள் கீழே இருந்து, அம்மாவுக்கு விளங்குவதற்காகச் செய்தியை உடைத்து உடைத்துச் சொன்னாள். பாதி டேனிஷ், பாதி தமிழ்.

"அவை பைலுகளைத் திறக்கவே இல்லையாம் அம்மா. ஒருத்தற்றையையும் பாக்காம, அப்பிடியே வைக்கச் சொன்னவையாம்."

ஒருத்தருடையதையும் பார்க்கவில்லை. அப்படியென்றால் என்னுடையதையும் பார்த்திருக்க மாட்டார்கள். சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பார்க்காமலே நிறுத்தினார்கள், சரி. பிறகு விசாரணை என்று எல்லாக் கோப்பையும் திறந்தபோது பார்த்திருப்பார்கள்தானே? சிரிக்கிற என் முகத்தை, இவனே போகிறேன் என்று சொல்லியிருக்கிறானே என்று. யாராவது அதை ஒரு நியாயமாக எடுத்துக் காட்டியிருந்தால்? இனி வரப்போகும் அமைச்சர் ஒருவர் காட்டினால்?

மனைவி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா: "ஆரோ ஒருத்தன் கையாலை வந்த வினை. அவன் நல்லா இருக்கமாட்டான்."

எழுந்துபோய்ப் பைலை எடுத்து வந்தேன். துண்டு மஞ்சளாகியிருந்தது. சோபாவில் மனைவியின் இடப்பக்கம் உட்கார்ந்தேன். தெரிந்துதான் உட்கார்ந்தேன். முழுவதையும் சொன்னேன். கமராக்காரி, மாடு, பொலிசில் ஊசி குத்திக் கொடுத்தது, சுவரிலிருந்து கழற்றியது. மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

மனைவி திரும்பினா. என் கையில் இருந்த துண்டையும், அதில் சிரித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தா.

"ஏதோ சொல்லிக்கொண்டிருந்தியள் போலை," என்றா. "இந்தப் பக்கம் வந்து இருந்து சொல்லுங்கோ."

சோபா நீளமானது. நான் எழும்பினேன்.